கோப்பி ஓ நிறத்தில் ஒரு சூடு

எங்கள் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே நோய்தான். சூடு. கண் சிவந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, பிள்ளைக்குக் கொப்புளம் கிளம்பினால் சூடு, மாமியாரோடு மல்லுக்கட்டிவிட்டுத் தலைவலி என்று வந்தால் அதுவும் சூடுதான். மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: இளநீர், வெந்தயம், தலைக்கு நல்லெண்ணெய். அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்று கேட்கக் கூடாது. எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டுக்கு வந்தார்கள். இளநீரால் எம்.சி. எழுதிக் கொடுக்க முடியாதே.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிகளே, தம்பிகளே, நீங்கள் எல்லாம் நோயாளியைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறவர்கள். கட்டிலில் ஆள் இருக்கிறாரா என்று எப்போதாவது தலை நிமிர்ந்து பார்த்தால் எனக்குச் சந்தோஷம். கிழவி வந்ததும் வராததுமாகத் திட்டுகிறாளே என்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் தாதியை யாரும் தாதி என்று கூப்பிடுவதில்லை, மிஸ்ஸிதான். வேலை பார்த்த காலமெல்லாம் "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்ற குரலுக்கு ஓடிய காலுக்கு இப்போதுதான் ஓய்வு. வாய்க்கு இப்போதுதான் வேலை.

தொண்ணூறுகளில் நான் இருந்தது மலாக்காவில் மெர்லிமாவ் பக்கம், சில தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். இப்போது தேடிப் போகாதீர்கள், அங்கே டயர் கடை இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஓர் இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். நம் பிள்ளைதான், தமிழர்தான். பெயர் வேண்டாம். கெட்டிக்காரர். அந்த விஷயம் எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வந்த வாரமே எங்களை வரிசையில் நிறுத்தினார்.

"இனிமே இந்த வார்டுல சூடுங்கிற வார்த்தைய நான் கேக்கக் கூடாது. சூடு இருக்குறது டீக்கு. மனுசனுக்கு இருக்குறது டெம்பரேச்சர். புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினோம். எங்கள் பயிற்சியில் முதலில் கற்றுக்கொடுப்பதே தலையாட்டுவதுதான். ஊசி போடுவதெல்லாம் அப்புறம்.

அந்தச் சமயத்தில்தான் வேலு வந்தான். தோட்டத்துப் பிள்ளை, முப்பதை எட்டாத வயசு. செங் பக்கம் ஒரு ஃபேக்டரியில் நல்லபடியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், கூட்டாளிகள் பேச்சைக் கேட்டுப் பகாங் காட்டுக்கு மரம் ஏற்றும் லோரி ஓட்டப் போனான். போனவன் திரும்பி வந்தது மலேரியாவோடு. நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் ஆடியது. மலாக்காவில் அதற்குள் மலேரியா அரிதாகிவிட்டது. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்து மலேரியாதான் என்று தெரிந்ததும் டாக்டர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. புத்தகத்தில் படித்த நோய் நேரில் வந்தால் அவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். வந்திருப்பது இன்னொருத்தி பெற்ற பிள்ளையின் உடம்பில் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வரும்.

அவனுக்கு வந்த வகைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காய்ச்சல் விட்ட பிறகும் கிருமி கல்லீரலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சில மாசம் கழித்து எழுந்து வந்து மறுபடி ஆட்டிவைக்கும். அப்படிப் படுத்துக் கிடப்பதைக் கொல்ல அன்றைக்கு எங்களிடம் இருந்தது பிரைமாகுயின் என்ற மாத்திரை. அது எப்படிக் கொல்கிறது என்பது உங்களுக்குப் பரீட்சையில் வந்திருக்கும், அதனால் மறந்திருப்பீர்கள். நானே சொல்கிறேன்.

அந்த மருந்து கிருமியை நேராகப் போய் அடிப்பதில்லை. உள்ளே இருக்கிற ஆக்ஸிஜனை உசுப்பிவிடுகிறது. நல்ல பிள்ளையாக இருந்த ஆக்ஸிஜன், பெராக்சைடு மாதிரி வெறி பிடித்த சரக்காக மாறிக் கையில் அகப்பட்டதையெல்லாம் அரித்துத் தள்ளும். கிருமியின் சவ்வு போகும், புரதம் போகும், கிருமியே போகும். ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்று புத்தகத்தில் மரியாதையாக எழுதியிருப்பார்கள். இரும்பு துருப்பிடிக்கிறதே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். இது அவசரமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அந்த அக்கினி நம் சிவப்பணுவைச் சும்மா விடுமா? விடாது. ஆனால் சிவப்பணு தன் வீட்டில் ஒரு தண்ணீர் வாளி வைத்திருக்கிறது. வாளி காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்கிற நொதிக்கு ஜி-சிக்ஸ்-பி-டி என்று பெயர். சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே குறைச்சல். அவர்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால் கிருமியும் வேகும், சிவப்பணுவும் வேகும். உடைந்த சிவப்பணுவின் சாயம் சிறுநீரில் இறங்கும், அது போய்ச் சிறுநீரகத்தை அடைக்கும். மாத்திரைக்கு யார் திருடன், யார் வீட்டுக்காரன் என்று பார்க்கத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் நமக்குச் சம்பளம்.

அதனால் முதல் மாத்திரைக்கு முன்னாலேயே நான் கேட்டேன். "டாக்டர், ஜி-சிக்ஸ் டெஸ்ட்டுக்கு ரத்தம் அனுப்பவா?"

அப்போதே ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் தொப்புள்கொடி ரத்தத்தில் அந்தச் சோதனை செய்துவிடுவார்கள். வேலு அதற்கு முந்தைய சரக்கு. தோட்டத்து லயத்து வீட்டில் பாயில் பிறந்தவன்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது சீனவங்களுக்கும் மலாய்க்காரங்களுக்கும் வர்றது லா, மிஸ்ஸி. நம்ம ஆளுங்களுக்கு வராது. மாத்திரைய ஆரம்பிங்க."

நம் ஆட்களுக்கும் வரும். குறைவாக வரும். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தம் செய்துகொள்வது படித்தவர்களுக்கு மட்டும் வருகிற தனி நோய், அதற்கு இன்னும் சோதனை கண்டுபிடிக்கவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். அவர் ஆரம்பிங்க என்று இன்னொரு தடவை சொன்னார். ஆரம்பித்தோம்.

காய்ச்சல் இறங்கியது. எல்லோருக்கும் திருப்தி. இரண்டு மூன்று நாள் போனதும் வேலுவின் அம்மா அஞ்சலை தூக்குச் சட்டியோடு என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் அவளைத் தெரியாதவர் கிடையாது. ஆடி மாசம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது அவள், சாவு வீட்டில் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பது அவள், பிள்ளைக்குக் கொடுத்த ஊசி வலித்தது என்று என் மேலேயே சண்டைக்கு வந்தவளும் அவள்தான். சுங்கடிச் சேலை, நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம், வாயில் வெற்றிலை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் "என் மாரியாத்தா குடுத்த பொட்டு, எவன் அழிக்கச் சொல்றது" என்று கேட்டவள். ஒரே மகன் வேலு.

"மிஸ்ஸி, புள்ளைக்குச் சூடு ஏறிருச்சு. ஒண்ணுக்கு கோப்பி ஓ மாதிரி போவுது. வந்து பாரு."

கோப்பி ஓ என்றால் பால் ஊற்றாத கடுங்காப்பி. போய்ப் பார்த்தேன். போத்தலில் இருந்தது கோப்பி ஓவேதான், கடைக்காரன்கூட ஏமாந்து போவான். வேலுவின் கண் மஞ்சள், உதடு சுண்ணாம்பு. கழிப்பறை வரைக்கும் போய் வந்ததற்கே மூச்சு வாங்கினான். முதுகு கடுக்கிறது என்றான்.

டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அன்றைக்குத் தஞ்சோங் கிளிங்கில் கடலோர ஹோட்டல் ஒன்றில் ஒரு மருந்துக் கம்பெனியின் பகல் விருந்து. இறால் சாப்பிட்டுக்கொண்டே நோயைப் பற்றிக் கற்றுக்கொள்கிற ஏற்பாடு அது.

"ஒண்ணுக்குக் கறுப்பா போகுது டாக்டர், மஞ்சக்காமாலையும் தெரியுது. மாத்திரைய நிறுத்திட்டு டெஸ்ட் பண்ணலாமா?"

"மலேரியா முத்துனா அப்படித்தான் போகும், மிஸ்ஸி. படிச்சதில்லையா? மருந்த விட்டாத்தான் ஆபத்து. கரெக்டா குடுங்க."

"அவங்கம்மாவும் பயப்படுறாங்க. சூடு ஏறிருச்சுன்னு..."

வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப இளநி வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். அவர் சொன்னதில் பாதி உண்மையும் உண்டு. மலேரியா முற்றினாலும் சிறுநீர் கறுக்கும். பாதி உண்மைதான் நம் தொழிலில் ஆளைக் கொல்வது. முழுப் பொய்யை யாரும் நம்புவதில்லை.

மதியம் பார்வையாளர் நேரம். அடுத்த மாத்திரைக்கு வேளை வந்துவிட்டது. சின்னக் கிண்ணத்தில் மாத்திரையை வைத்துக்கொண்டு வேலுவின் கட்டிலுக்குப் போனேன். என்ன செய்வது என்று முடிவெடுக்காமல்தான் போனேன். பக்கத்தில் அஞ்சலை மகன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தரை துடைக்கப் புதிதாக ஒரு சீனப் பெண் வேலைக்கு வந்திருந்தாள். அவள் துடைத்துக்கொண்டே வந்தவள், அஞ்சலையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள்.

"ஜியா பா போய்?"

சாப்பிட்டாச்சா என்று ஹொக்கியன் சீனத்தில் கேட்கிறாள். அஞ்சலை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் விடாமல் இன்னும் ஏதோ சீனத்தில் கேட்டாள். அவ்வளவுதான், அஞ்சலைக்கு வந்ததே கோபம்.

"ஏன்டி, வந்த அன்னைக்கே என்கிட்ட வாலாட்டுறியா? என்னையப் பாத்தா சீனத்தி மாதிரியா இருக்கு?"

வார்டே சிரித்தது. வேலுகூட அந்த நிலைமையிலும் சிரித்தான். நானும் சிரித்தேன். ஏனென்றால் அவளைப் பார்த்தால் அப்படியே சீனத்தி மாதிரிதான் இருந்தது. கண், கன்னம், நிறம், எல்லாம்.

பாதிச் சிரிப்பில் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தேன்.

தோட்டத்தில் அது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. அந்தக் காலத்தில் சீனக் குடும்பங்களில் பெண் குழந்தை அதிகமானால் தமிழ் வீடுகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை இல்லாத நம் ஆட்கள் வாங்கி, காது குத்தி, பேர் வைத்து, தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பி, தமிழ் மாப்பிள்ளைக்கே கட்டியும் கொடுப்பார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படி அஞ்சலைகள் இருந்தார்கள். பார்த்துப் பார்த்துப் பழகி, அவள் சீனத்தி என்பதே எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. டாக்டரோ காலையில் சுற்று வரும்போது சொந்தக்காரர்களையெல்லாம் கேட்டுக்கு வெளியே துரத்திவிடுகிறவர். அவர் அவளைப் பார்த்ததே இல்லை. நாங்கள் அளவுக்கு மீறிப் பார்த்துவிட்டோம். ஜி-சிக்ஸ் சீனவங்க நோய் என்று டாக்டர் சொல்லும்போது, சீனத்தி பெற்ற மகன் எங்கள் கட்டிலில் படுத்திருக்கிறான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, நாங்கள் அலையக்கூட இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தக் குறை மகனுக்கு அப்பாவிடமிருந்து வராது. தாயிடமிருந்துதான் வரும்.

"குடுங்க மிஸ்ஸி, முழுங்கிட்டுப் படுக்குறேன்" என்று வேலு கையை நீட்டினான்.

இப்போது நீங்கள் என் இடத்தில் நில்லுங்கள். டாக்டர் கொடு என்று சொன்ன மாத்திரை கையில். கொடுக்காமல் விட்டால் அவர் சொன்னதை மீறினேன் என்று வேலை போகும். நான் நினைத்தது தப்பாக இருந்தால் கிருமி தங்கிவிடும். சரி, தங்கட்டும். கிருமி திரும்பி வந்தால் மறுபடி மருந்து கொடுக்கலாம். இந்தப் பையனின் சிறுநீரகம் போனால் அதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடையிலும் ஆளில்லை. இரண்டு பக்கமும் தப்பு நேரலாம் என்றால், திருத்த முடிகிற தப்பின் பக்கம் நில்லுங்கள். இதை எனக்கு எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தரவில்லை.

மாத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "இன்னைக்கு வேணாம் தம்பி. தண்ணி நெறைய குடி" என்று சொல்லிவிட்டு, ரத்தம் எடுத்தேன், சலைன் ஏற்றினேன். பிறகு ஹோட்டலுக்குப் போன் போட்டேன். டாக்டர் கையலம்பக் கூப்பிட்டதுபோல நிதானமாக வந்து போனை எடுத்தார்.

"டாக்டர், நாலாம் கட்டிலுக்கு மாத்திரைய நிறுத்திட்டேன்."

"யாரக் கேட்டு?"

"அவங்கம்மா சீனத்தி, டாக்டர்."

"என்ன மிஸ்ஸி வெளையாடுறீங்களா? அம்மா பேரு அஞ்சலைன்னு எழுதியிருக்கு."

"பேரு அஞ்சலைதான். சேலைதான் கட்டுவாங்க. தமிழ்தான் பேசுவாங்க. பெத்தவங்க மட்டும் சீனவங்க. குழந்தையில தத்துக் குடுத்தது."

போனில் பின்னால் தட்டு, கரண்டிச் சத்தம் கேட்டது. அப்புறம், "வர்றேன்" என்றார். இறாலை விட்டுவிட்டு வந்தார். அந்த மட்டுக்கும் அவரை நான் குறை சொல்லமாட்டேன். வந்து அஞ்சலையின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, வேலுவை மலாக்காவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்தம் ஏற்ற அனுப்பினார். தானும் கூடவே ஏறிக்கொண்டார்.

எனக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனது அஞ்சலையை. அவள் ஆம்புலன்ஸ் பின்னால் ஓடப் பார்த்தாள். பிடித்து நிறுத்தினேன்.

"ரத்தம் வேணும்னாங்கல்ல? எங்கிட்ட எடு மிஸ்ஸி. பெத்தவ ரத்தம் சேராமலா போயிரும்?" என்று சேலையை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வதற்கு எந்தப் பயிற்சியும் போதாது. ஆனால் சொல்ல வேண்டும். மகனுக்கு எந்தக் குறையோ, அது அவள் ரத்தத்திலும் இருக்கலாம். நான் சுற்றி வளைத்தேன். அவள் விடவில்லை. ஏன், ஏன் என்று பிடித்துக்கொண்டாள். கடைசியில் சொல்லிவிட்டேன். அந்த மாத்திரை சில பேர் ரத்தத்தை எரித்துவிடும், சீனவங்க வழியில் அது அதிகம், அவனுக்கு உங்கள் வழியாக வந்திருக்கும் அக்கா, உங்கள் தப்பு இல்லை என்று.

கடைசி வாக்கியம் அவள் காதில் விழவே இல்லை.

"என்னையத் தூக்கிக் குடுத்துட்டு ஒருத்திகூடத் திரும்பிப் பாக்கல, மிஸ்ஸி. சின்னதுல சீனத்தி, சீனத்தின்னு கூப்புட்டவன் மண்டையெல்லாம் ஒடைச்சிருக்கேன். அவளுங்க எனக்கு ஒண்ணுமே குடுக்கல. குடுத்தது இது ஒண்ணுதானா? அதையும் கொண்டு போயி எம் புள்ளைக்கா குடுத்தேன்?"

வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். சாவு வீட்டில் அவள் எடுக்கிற ஒப்பாரிக்குத் தோட்டமே சேர்ந்து அழும். இந்த அழுகையில் சத்தமே இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வார்டில் யாரோ மிஸ்ஸி, மிஸ்ஸி என்று கூப்பிட்டார்கள். போகவில்லை.

வேலு பிழைத்துக்கொண்டான். ரத்தம் ஏற்றினார்கள், சிறுநீரகம் தப்பியது, சோதனையிலும் நாங்கள் பயந்தபடிதான் வந்தது. நிறுத்திய மாத்திரையை மலாக்கா டாக்டர்கள் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை என்று இடைவெளி விட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கொடுத்து முடித்தார்கள். எங்கள் டாக்டர் அதற்குப் பிறகு சூடு என்று யார் சொன்னாலும், "எங்க சூடு, எப்பருந்து, ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது?" என்று கேட்க ஆரம்பித்தார். சிரிப்பதை விட்டுவிட்டார். எங்களிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டாக்டர் மன்னிப்புக் கேட்டதாகச் செய்தி வந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், பார்த்துவிட்டுக் கண்ணை மூடுகிறேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வேலு வேலைக்குத் திரும்பிக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ஒரு காலை நான் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தால், வாசலில் கூட்டம். எல்லாம் அஞ்சலை வயசுப் பெண்கள். சேலை, குங்குமம், வெற்றிலை வாய், சின்னச் சின்னச் சீனக் கண்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் மீசை முளைத்த மகன்கள், வேலைக்கு நேரமாகிவிட்டது என்ற முகத்தோடு. முன்னால் நின்றது அஞ்சலை.

"இவளுக புள்ளைங்களுக்கும் ரத்தம் பாத்துரு மிஸ்ஸி. நாளைக்கு எவனாவது காட்டுக்குப் போவான், காய்ச்சலோட வருவான். நீங்க பாட்டுக்கு மாத்திரையக் குடுத்துருவீங்க."

டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்த் தானே நாற்காலியை எடுத்து வந்து போட்டார்.

வரிசை நகர்ந்தது. கடைசியாக நின்ற ஒருத்தி மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாள். "எனக்கு எதுக்கு இதெல்லாம்? நான் தமிழச்சி. எம் புள்ளைக்கு அப்படியெல்லாம் கெடையாது" என்றாள். மகன் என்ன செய்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அஞ்சலை நேராக அவளிடம் போனாள். தூணிலிருந்து அவள் கையைப் பிடுங்கினாள். மருந்துக்குக் காத்திருந்த அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் சீனத்திதான்டி. நீயும் சீனத்திதான். புள்ளைய விட இது பெருசா? அவனக் கைய நீட்டச் சொல்லு."

அந்தப் பெண் அழுதுகொண்டே தன் மகனின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள்.